புளி போட்டுத் தேய்த்த துவக்கு

1999 ஒக்டோபர் 16, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. எட்டுப் பாகை, தூறல், வடமேற்குக் காற்று. கோபம் வந்த நாட்களை நான் நேரத்தோடு கொப்பியில் குறித்து வைப்பவன். பிறகு யாராவது அப்படி நடக்கவில்லை என்று சொல்ல வந்தால் எடுத்துக் காட்டலாம்.

அந்த நேரத்தில் நான் பிக்கரிங்கில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் சமையலறையில் நின்றேன். இரண்டு கிழமைக்கு முன் அவரிடம் இரவல் வாங்கிய துவக்கை, ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கியை, திருப்பிக் கொடுக்க வந்திருந்தேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது, எனக்கு அறுபத்தெட்டு. அவர் பெட்டியைத் திறந்து துணியை விலக்கினார். நான் மனதுக்குள் ஒன்பது வரை எண்ணினேன்.

"இதற்கு என்ன செய்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"துப்பரவாக்கினேன்" என்றேன். அவர் மகிழ்ச்சியில் திணறுகிறார் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எப்படித் துவக்கோடு அங்கே போய் நின்றேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இலங்கையில் நான் முப்பத்தொரு வருடம் அரசாங்க நில அளவையாளன். வன்னிக் காட்டுக்குள் முகாம் போட்டு அளவுச் சங்கிலி பிடித்தவன். யானைக்கும் பன்றிக்கும் பயந்து லைசென்ஸோடு ஒரு துவக்கு வைத்திருந்தேன். பத்தொன்பது வருடத்தில் சுட்டது நாற்பத்தாறு தோட்டா. கொன்றது ஒன்றுமில்லை, எல்லாம் வெருட்டுகிற வெடி. ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் வந்தபின் ஒரு பின்னேரம் இயக்கத்துப் பெடியன்கள் மூன்று பேர் வந்து அந்தத் துவக்கைக் கேட்டார்கள். நான் வீட்டில் இல்லை. என் மனைவிதான் தன் கையால் எடுத்துக் கொடுத்தாள். "இன்னொண்டு இருக்கோ?" என்று கேட்டார்களாம். "ஒண்டுதான்" என்றாளாம். நம்பவில்லை. இரண்டு மணித்தியாலம் வீட்டைக் கிண்டினார்கள். அவள் சுவரோடு நின்று ஒண்டுதான், ஒண்டுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அதன்பின் துவக்கு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

1988இல் மகன் எங்களை ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டான். இப்போது அவன் மிசிசாகாவில் ஓர் ஒஃபிஸில் வேலை. நாங்கள் இரண்டு பேரும் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். நான் கிழமைக்கு மூன்று நாள் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் சாமான் எண்ணுகிறேன். போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். பதினொரு வருடமாக இந்த நாட்டில் நான் இன்னாருடைய அப்பா, இன்னாருடைய மாமா, பஸ்ஸில் மெதுவாக ஏறுகிற கிழவன். வேறொன்றுமில்லை.

எதிர்க்கதவில் இருப்பவர் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர், வெள்ளைக்காரர். மாதத்தில் ஒரு ஞாயிறு நகரத்துக்கு வடக்கே ஒரு துப்பாக்கிச் சூட்டுக் கழகத்துக்குப் போவார். அங்கே எல்லாரும் பழைய ஆங்கிலப் படத்துக் கவ்போய் மாட்டுக்காரர் மாதிரித் தொப்பியும் சப்பாத்தும் போட்டு, ஆளுக்கொரு பட்டப்பெயரும் வைத்துக்கொண்டு, நேரம் பிடித்து இரும்புத் தகடுகளைச் சுடுவார்கள். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வளர்ந்த மனிதர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள். ஆனால் ஒரு ஞாயிறு அவரோடு போனேன். அவருடைய துவக்கைத் தந்தார். ஆறு தகடு, ஆறு வெடி. ஆறும் விழுந்தன. பத்தொன்பது பேர் கை தட்டினார்கள். நான் எண்ணினேன். இந்த நாட்டில் எனக்கு யாரும் கை தட்டியது அதுதான் முதல் தரம்.

அதன்பின் ஒவ்வொரு மாதமும் போனேன். பிறகு கழகத்தில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஒரு துவக்கை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பாவிப்பதால் வரிசை சுணங்குகிறதாம். ஒக்டோபர் 24ஆம் திகதிப் போட்டியிலிருந்து ஆளுக்கு ஆள் சொந்தத் துவக்கு வேண்டும். நான் சேர்ந்த பிரிவில் அது பம்ப் துவக்காக இருக்க வேண்டும். முன்கட்டையைப் பின்னே இழுத்து முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும், சுத்தியல் பின்பக்கம் வெளியே தெரியும். நூறு வருடத்துக்கு முந்திய அமைப்பு. அந்தக் காலத்து அசலும் கொண்டுவரலாம், அதைப் பார்த்து இப்போது செய்த நகலும் கொண்டுவரலாம்.

லைசென்ஸ் விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்து வைக்க ஓர் இடம் இருந்தது. அவள் வைக்காவிட்டால் அவர்களே அவளுக்கு அறிவிப்பார்களாம். நான் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். நாலு நாள் அது அங்கேயே கிடந்தது. அதன்மேல் உப்புப் போத்தல்கூட வைத்தாள், பேனை வைக்கவில்லை. ஐந்தாம் நாள் கையெழுத்துப் போட்டாள்.

"இஞ்சருங்கோ, ஒண்டு. ஒண்டுக்குத்தான் நான் கையெழுத்து வைக்கிறன். இந்த வீட்டுக்குள்ளை ரெண்டாவது வரக்கூடாது. ஐந்நூறு டொலருக்கு மேலையும் போகக்கூடாது."

"ஓம்" என்றேன்.

"சும்மா ஓம் எண்டாதேங்கோ. சத்தியமா?"

"சத்தியமா."

எனக்கு இந்த வீட்டில் மிச்சமிருந்தது அந்தச் சொல் ஒன்றுதான்.

நகலை முதலில் பார்த்தேன். சீனாவில் செய்தது. ஒரு கடையில் இருந்தது. விலை நானூற்று இருபத்தொன்பது. வரி போட்டால் நானூற்றுத் தொண்ணூற்று மூன்று டொலர் முப்பத்தைந்து சதம். சத்தியத்துக்குள் நிற்கிற விலை. ஆனால் முன்கட்டையை இழுத்தால், துருப்பிடித்த கேற்றைத் திறப்பது போலக் கரகரத்தது. கடைக்காரப் பெடியன் சொன்னான், ஐந்நூறு தரம் இழுத்தால் இளகிவிடும் என்று. ஐந்நூறு தரம் இழுத்தால் முதலில் என் தோள்மூட்டுத்தான் இளகும். புதுச் சாமானை வாங்குகிறவன்தான் வேலை செய்து முடிக்க வேண்டும் என்றால் அதற்கு எதற்கு விலை? கழகத்தில் ஒருவரிடம் அதே நகல் இருந்தது. அதை இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். இருபத்துநாலு தோட்டாவில் மூன்று தரம் இறுகி நின்றது.

அசல் பிக்கரிங் கிழவருடையது. 1908இல் செய்தது. எதிர்வீட்டுக்காரர்தான் கூட்டிக்கொண்டு போனார். விலை எண்ணூற்றைம்பது. இரும்பு முழுக்க ஒரு கடும் மண்ணிறம், கட்டையில் நாற்பது கீறல். ஆனால் முன்கட்டையில் கை வைத்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெண்ணெய்க்குள் கத்தி போவது போல நழுவியது. தொண்ணூற்றொரு வருடம் பலருடைய கைகள் இழுத்து இழுத்து ஒப்பமாக்கிய நழுவல். எந்தத் தொழிற்சாலையும் அதைச் செய்து தர முடியாது.

"இரண்டு கிழமை வைத்துச் சுட்டுப் பார். பிடிக்காவிட்டால் இருந்தபடியே கொண்டுவா" என்றார் கிழவர்.

இருந்தபடியே. அந்தச் சொல்லை அவர் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். அந்த ஆள் மற்ற எல்லாவற்றையும் அழுத்தித்தான் சொன்னார். தன் தகப்பன், தன் தகப்பனுடைய நாய், அந்த நாய் பிடித்த தாரா வாத்து எல்லாம் அழுத்திச் சொன்னார். இதை மட்டும் போகிற போக்கில் சொன்னார்.

எதிர்வீட்டுக்காரர் அதைத் துவக்குத் திருத்துகிறவரிடம் காட்டினார். பழையவற்றில் தோட்டா இருக்கும் குழி இந்தக் காலத்துத் தோட்டாவுக்கு நீளம் போதாமல் இருக்குமாம். அளந்து பார்க்காமல் சுடக்கூடாது. அளந்தார்கள். இதை யாரோ முன்னமே சரி செய்திருந்தார்கள். நான் இருபத்துநாலு தோட்டா சுட்டேன். ஒன்றும் இறுகவில்லை.

மகனிடம் ரெலிபோனில் கேட்டேன்.

"அப்பா, நூறு வருசத்துப் பழசை ஆரும் காசு குடுத்து வாங்குவினமோ? ஒரு ஸ்பிரிங் உடைஞ்சா எங்கை போவியள்? புதுசுக்கு வொறன்ரி இருக்கு."

"உன்ரை வொறன்ரி மூண்டு தரம் இறுகினது."

"அப்ப ரெண்டும் வேண்டாம். சும்மா வீட்டிலை இருங்கோவன்."

ரெலிபோனை வைத்துவிட்டேன். சும்மா இருப்பதற்கு எவ்வளவு செலவாகும் என்று அவனுக்குத் தெரியாது.

பன்னிரண்டு நாள் யோசித்தேன். கொப்பியில் கோடு போட்டு, இந்தப் பக்கம் அசல், அந்தப் பக்கம் நகல் என்று எழுதினேன். அசலின் பக்கத்தில் ஒன்பது காரணம். நகலின் பக்கத்தில் இரண்டு: விலை, சத்தியம். இரண்டும் ஒன்றுதான். ஒக்டோபர் 14, வியாழன், போய் நகலை வாங்கினேன். பற்றுச்சீட்டின் அடியில் திருப்பி எடுப்பதில்லை என்று எழுதியிருந்தது. வரும்போது பஸ்ஸில் பார்த்த எல்லாரையும் வெறுத்தேன். துவக்கைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது; வேலை முடிந்து வந்த எதிர்வீட்டுக்காரரின் மகள்தான் பிறகு கடையிலிருந்து பெட்டியைக் காரில் கொண்டுவந்தாள், அசல் போகும்வரை அது அவர்கள் வீட்டு இரும்பு அலுமாரியில் இருக்கட்டும் என்று விட்டேன். அவளுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்தால் அசலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரவல் வாங்கிய பாத்திரத்தை அழுக்காகத் திருப்பிக் கொடுக்கமாட்டோம். வந்ததை விடத் துப்பரவாகத்தான் போகும். சருவச்சட்டி என்றால் உள்ளே நாலு வாழைப்பழமாவது வைத்து அனுப்புவோம். அதை நான் ஒரு துவக்குக்குச் செய்தேன். பேப்பரை விரித்து, தோட்டா இல்லை என்று மூன்று தரம் பார்த்து, குழலைக் கழற்றி, துணியால் தேய்த்தேன். மண்ணிறம் போகவில்லை.

மனைவி குசினியில் குத்துவிளக்கு மினுக்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை சரஸ்வதி பூசை. புளி கரைத்து வைத்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"என்ன, அந்தாள் இதை ஒரு நாளும் மினுக்கினதில்லையோ?"

"பெண்சாதி இல்லாத மனுசன்."

"அதுதான் தெரியுதே. உதுக்குப் புளி போட்டால் பளிச்செண்டு வரும்."

"இரும்புக்கும் புளியோ?"

"ஏன், உங்கடை கொம்மா கத்திக்கும் அருவாளுக்கும் என்ன போட்டவ? சென்ற் போட்டவவோ?"

கீழே இருந்தாள். குழலின் ஒரு முனையை மடியில் வைத்தாள். நான் மற்ற முனையைப் பிடித்தேன். ஆறு பத்துக்குத் தொடங்கி எட்டு இருபத்தைந்துக்கு முடித்தோம். முதலில் புளி, பிறகு பாத்திரம் தேய்க்கிற கம்பிப் பஞ்சு, பிறகு சுடுதண்ணீர், கடைசியில் தையல் மெஷின் எண்ணெய். மண்ணிறம் எல்லாம் கறுப்புத் தண்ணியாக வழிந்து போய், உள்ளே இருந்து வெள்ளி போல ஓர் இரும்பு வந்தது. அவள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அண்டைக்கு அவங்களிட்டைத் தூக்கிக் குடுத்ததுக்குப் பிறகு இண்டைக்குத்தான் உதிலை கை வைக்கிறன்."

நான் குழலைத் துணியில் சுற்றினேன்.

அதைத்தான் அடுத்த நாள் காலை அந்தச் சமையலறையில் கிழவர் திறந்து பார்த்தார்.

"அந்த நிறத்துக்கு வயது தொண்ணூற்றொன்று" என்றார் கிழவர். முகத்துச் சிவப்பு கழுத்து வரை இறங்கியது. "என் தகப்பனுடைய கை அதில் இருந்தது. சேகரிக்கிறவர்கள் அதற்குத்தான் காசு தருவார்கள். இருந்தபடியே என்றேனே!"

"அது அழுக்கு" என்றேன்.

"அழுக்கா?"

"எங்கள் நாட்டில் இரவல் வாங்கினால் துப்பரவாக்கித்தான் கொடுப்போம்."

"நேற்று இதன் விலை எண்ணூற்றைம்பது. இன்றைக்கு முந்நூறுக்கும் ஒருவனும் எடுக்கமாட்டான். நீ கெடுத்தாய், நீயே வைத்துக்கொள்."

எனக்கு வந்த கோபத்தை இன்றும் அளவிட முடியவில்லை. சீனத் துவக்கை அரத்தால் உராய்ந்து, மணல் தாளால் தேய்த்து, ஐந்நூறு தரம் இழுத்துச் சரிப்படுத்தலாம். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இதைத் துணி போட்டுத் துடைக்கக் கூடாது. சுடுகிற வேலை அப்படியேதான் இருக்கிறது, ஒரு திருகாணி குறையவில்லை. ஊத்தை போனதற்கு ஐந்நூற்றைம்பது டொலரா? இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன், பாதி ஆங்கிலத்தில், பாதி எந்த மொழியென்று தெரியாது. அவர் கதிரையில் இருந்து குழலின் மேல் விரலை வைத்து எதையோ தேடுவது போல மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் கூடியது. அவர் அழாமல் இருந்திருந்தால் நான் சண்டை பிடித்து வென்றிருப்பேன்.

செக் எழுதினேன். என் வெயார்ஹவுஸ் சம்பளக் கணக்கில், பதினேழு மாதம் சேர்த்த காசு.

எதிர்வீட்டுக்காரர் வெளியே காரில் காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். பதினொரு சிக்னல் வரை வாயை மூடிக்கொண்டு வந்தார். பன்னிரண்டாவதில் வெடித்துச் சிரித்தார்.

"நாற்பது வருடம் நான் இரும்பில் துரு எடுத்தேன். எனக்குச் சம்பளம் தந்தார்கள். நீ காசு கட்டி எடுத்திருக்கிறாய்!"

"காரை ஓட்டு" என்றேன்.

கதவைத் திறந்தவுடன் மனைவி கேட்டாள்: "என்னவாம்? வடிவா இருக்கெண்டு சொன்னவரோ?"

அவளுடைய விரல் நுனிகள் அப்போதும் புளியில் கறுத்திருந்தன. நான் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அந்த இரண்டே கால் மணித்தியாலமும் பிழை என்று சொல்ல வேண்டும்.

"நல்லாப் பிடிச்சுப் போச்சுது அவருக்கு. இவ்வளவு பாடுபட்டிருக்கிறியள், நீங்களே வைச்சிருங்கோ எண்டு சும்மா தந்திட்டார்."

"சும்மாவோ?"

"ஓம்."

"அப்ப கடையிலை வாங்கினது?"

"அதைத் திருப்பிக் குடுத்திட்டன்."

ஒரு நிமிசத்தில் இரண்டு பொய். திருப்பி எடுக்காத கடைக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது? நகல் எதிர்க்கதவுக்குப் பின்னால், அவருடைய இரும்பு அலுமாரிக்குள்ளேயே தங்கிவிட்டது. வீட்டுக்குள் ஒன்றுதான் இருந்தது. அந்த அளவில் சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்று என்னையே ஏமாற்றினேன்.

ஆனால் பொய் அதோடு விடவில்லை. சும்மா தந்த மனுசனை வெறுங்கையோடு விடலாமா? செவ்வாய்க்கிழமை அவள் பயற்றம் பணியாரம் சுட்டாள். முப்பது. ஒரு பிஸ்கற் ரின்னில் அடுக்கி, "சூட்டோடை கொண்டுபோய்க் குடுங்கோ" என்றாள். நான் ஸ்காபரோவிலிருந்து பிக்கரிங்குக்கு மூன்று பஸ் ஏறி, கோபம் மடியில் சுட, என் எண்ணூற்றைம்பது டொலரை வாங்கிய மனிதனுக்குப் பணியாரம் கொண்டுபோனேன்.

கதவைத் திறந்த கிழவர் ரின்னைப் பார்த்தார்.

"என்ன இது?"

"நீங்கள் அந்தத் துவக்கைச் சும்மா தந்தீர்கள் என்று என் மனைவி நினைக்கிறாள்" என்றேன். "அதற்கு."

அவர் யோசித்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். நின்ற நிலையில் மூன்று தின்றார். "அவளிடம் நன்றி சொல்" என்று கதவைச் சாத்தினார். அந்த ரின் இன்றுவரை வரவில்லை. அது எங்கே, எப்படிக் கிடக்கிறதோ. அதையாவது அவர் இருந்தபடியே தந்திருக்கலாம்.

24ஆம் திகதி போட்டி. என் நில அளவைத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். துவக்கை எடுத்ததும் நாலு பேர் சுற்றி வந்தார்கள்.

"நல்ல நகல்" என்றார் ஒருவர். "எந்த நாட்டில் செய்தது? அசலைப் போலவே இருக்கிறது."

வாயில் வந்ததைத் தமிழிலேயே சொன்னேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். ஆறு தகடு, ஆறு வெடி, பதின்மூன்று செக்கன். ஒன்றும் இறுகவில்லை. கை தட்டினார்கள். கோபத்தில் இந்த முறை எண்ண மறந்துவிட்டேன்.

இப்போது டிசம்பர். எதிர்வீட்டுக்காரர் மாத முடிவில் மகளோடு வேறு ஊருக்குப் போகிறார். நகலை எடுத்துக்கொள் என்கிறார். விற்கலாம் என்று அந்தக் கடையில் கேட்டேன். நூற்றெண்பது தருவானாம். ஏனென்றால் யாரோ ஏற்கனவே இழுத்திருக்கிறார்களாம். விற்க மாட்டேன். அதை வைத்துக்கொண்டு வேறெங்கே போவது? கட்டாயம் இந்த வீட்டுக்குள் இரண்டாவது வரப் போகிறது.

என் மனைவி ஆசிரியையாக இருந்தவள். நான் எதை எழுதினாலும் முதலில் அவள்தான் வாசித்துப் பிழை திருத்துவாள். இதையும் வாசிப்பாள். ஆகவே இதையே உமக்குச் சொல்கிறேன், இஞ்சை பாரும். அவர் சும்மா தரவில்லை. கடைக்கு நான் திருப்பிக் கொடுக்கவுமில்லை. புளி நல்ல யோசனைதான், பிழை உம்முடையதல்ல. நகலுக்கு நானூற்றுத் தொண்ணூற்று மூன்று டொலர் முப்பத்தைந்து சதம். அசலுக்கு எண்ணூற்றைம்பது. புளிப் பக்கெற் ஒரு டொலர் நாற்பத்தொன்பது சதம். எல்லாமாக ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து நாலு டொலர் எண்பத்து நாலு சதம்.